பேட்டரி லைட் எரிந்தால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. பேசும்போது விட்டுப்போன ஒன்றிரண்டு விஷயங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)



போன கூட்டத்தில் தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கிற நேரத்தில் செக்ரெட்டரி என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, பி பிளாக் காருக்கு நீங்க பெல்ட் மாத்தின கதைய அடுத்த மாசம் எல்லாருக்கும் சொல்லணும்" என்றார். நான் பி.காம். படித்தவன். வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மெக்கானிக் கிடையாது. ஆனால் இந்த ஒரு பெல்ட் பாடத்துக்கு மட்டும் ஃபீஸ் கட்டிப் படித்திருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

போன வாரம் நம் பார்க்கிங்கில் ஒரு சுற்று நடந்து பார்த்தேன். 41 கார்கள் நிற்கின்றன. அதில் பத்து வருஷத்துக்கு மேற்பட்டவை 17. பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்தவை ஆறு. பெரும்பாலும் நம்மைப் போல ஓய்வு பெற்றவர்களின் வண்டிகள். வாரத்தில் இரண்டு மூன்று நாள், மார்க்கெட், கோயில், ஒரு கல்யாணம், அவசரத்துக்கு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. "ஓட்டமே இல்லை, என்ன தேயப்போகுது" என்று நினைத்துக்கொள்கிறோம். ரப்பருக்கு அந்தக் கணக்கு செல்லாது. வண்டி ஓடினாலும் நின்றாலும் அதற்கு வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும். திருநெல்வேலி வெயிலில் கொஞ்சம் வேகமாகவே ஏறும்.

முதலில் என் கதை.

2017-ல் என் அப்பா திதிக்கு நானும் வீட்டுக்காரியும் பாபநாசம் போனோம். என்னிடம் அப்போது 2005 மாடல் மாருதி 800. படித்துறையில் தர்ப்பணம் முடித்து, சாப்பிட்டு, மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினோம். அம்பாசமுத்திரம் தாண்டி, கல்லிடைக்குறிச்சியும் தாண்டியாயிற்று. பக்கத்து சீட்டில் இருந்தவள், "என்னங்க, பேட்டரி படம் போட்டு ஒரு சிவப்பு லைட் எரியுதே" என்றாள். பார்த்தேன். எரிந்தது. பேட்டரி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வாரண்டி இருக்கிறது. நாளைக்குக் கடையில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று சொன்னேன். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று ஏ.சி.யை வேறு அணைத்தேன். பெரிய புத்திசாலித்தனம் செய்ததாக நினைப்பு.

வீரவநல்லூர் தாண்டிக் காருக்குறிச்சி வரும்போது வண்டி இழுக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முனகுகிறது. ஒரு இனிப்பு வாடை வந்தது. கூலண்ட் கொதிக்கிற வாடை அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. பானெட் ஓரத்தில் புகை மாதிரி ஆவி. நிறுத்திவிட்டு டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தேன். அது சிவப்புக்கோட்டைத் தாண்டி எப்போதோ படுத்துவிட்டது. பத்து கிலோமீட்டருக்கு மேல் நான் ரோட்டையும் வயலையும் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன், அந்த முள்ளை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அங்கே ரோட்டோரத்தில் டிராக்டர் பழுது பார்க்கிற ஒரு பையன் வந்து பானெட்டைத் தூக்கினான். "அண்ணாச்சி, பேட்டரில ஒண்ணும் இல்ல. பெல்ட்டு அறுந்து போயிட்டு. ஹெட்டும் போயிருக்கும்னு நெனைக்கேன்" என்றான். அவன் சொன்னது சரி. ஹெட் கேஸ்கட் போய்விட்டது, சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. லேத்தில் கொடுத்து ஹெட்டைச் சமப்படுத்தி, கேஸ்கட், ஆயில், கூலண்ட், டோயிங், கூலி எல்லாம் சேர்த்து 14,600 ரூபாய். வண்டி ஒர்க்‌ஷாப்பில் 11 நாள். அறுந்த பெல்ட்டின் விலை 280 ரூபாய். அந்தப் பில்லை இன்னும் வைத்திருக்கிறேன். பழைய பழக்கம், வவுச்சர் என்றால் கிழிக்க மனசு வராது.

பெல்ட் அறுந்தால் பேட்டரி லைட் எதற்கு எரிய வேண்டும்? இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

நம் வீடுகளில் பழைய பெரிய கிரைண்டர் வைத்திருந்தவர்கள் கையைத் தூக்குங்கள். (நிறையக் கைகள்.) மோட்டார் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம், நடுவில் ஒரு பெல்ட். பெல்ட் வழுக்கினால் மோட்டார் ஓடும், கல் சுற்றாது. மாவு அரைபடாது. காரிலும் அதே ஏற்பாடுதான். எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் ஒரு புல்லி இருக்கிறது. அதிலிருந்து பெல்ட் போய் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது. மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்னேட்டர்தான். மாருதி 800 மாதிரி பல பழைய வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கூலண்டைச் சுழல விடுவது அந்தப் பம்ப். ஏ.சி. கம்ப்ரஸருக்கும், ஆயில் பவர் ஸ்டியரிங் இருந்தால் அதற்கும் தனித்தனி பெல்ட்டோ, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நீள பெல்ட்டோ இருக்கும். வண்டிக்கு வண்டி மாறும்.

பெல்ட் அறுந்தால் ஆல்டர்னேட்டர் நின்றுவிடும். சார்ஜ் ஏறவில்லை என்று டேஷ்போர்டு சொல்கிறது. அதற்குத்தான் அந்த பேட்டரி படம். பேட்டரி கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. கூடவே வாட்டர் பம்ப்பும் நின்றுவிட்டது. அதற்குத் தனியாக லைட் கிடையாது. எஞ்சின் மட்டும் பேட்டரியில் மிச்சம் இருக்கும் சார்ஜில் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கும். வண்டி நின்றுவிட்டால் நமக்கு நல்லது. நிற்காமல் ஓடுவதால்தான் நாமும் ஓட்டிக்கொண்டே போய் எஞ்சினை வேக வைக்கிறோம்.

இந்த பெல்ட்டை இன்னமும் எல்லோரும் ஃபேன் பெல்ட் என்கிறோம். அம்பாசடர் காலத்தில் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்த ஃபேனையும் அதுவேதான் சுற்றியது. இப்போது ஃபேன் தனி மின் மோட்டாரில் ஓடுகிறது, பெயர் மட்டும் மாறவில்லை. ஜங்ஷன் டாக்ஸி ஸ்டாண்டில் நின்ற பழைய அம்பாசடர் டிரைவர்கள் டிக்கியில் ஒரு ஸ்பேர் ஃபேன் பெல்ட் இல்லாமல் வெளியூர் போகமாட்டார்கள். குற்றாலம் போகிற வழியில் நடு ரோட்டில் வைத்து அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுப்பார்கள். நம் கார்கள் பவிசாகிவிட்டன, நமக்கு அந்தப் பழக்கம் போய்விட்டது.

இனி பி பிளாக் விஷயம். அந்த அண்ணாச்சியும் மதினியும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

அவர்களுடையதும் மாருதி 800தான், என்னுடையதைவிட மூன்று வருஷம் இளையது. 800 வண்டியே 1983-ல் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி. இன்று ஓடுகிற எந்த 800-ஐ எடுத்தாலும் பத்து வருஷத்துக்குக் குறைந்து இருக்காது. அண்ணாச்சி காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போது 'கிரீச்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு நிமிஷத்தில் நின்றுவிடும். என் பால்கனி நேர் மேலே. இரண்டு மாதமாக தினமும் காபி குடித்துக்கொண்டே அதைக் கேட்டேன். அது பெல்ட் வழுக்குகிற சத்தம் என்று எனக்குத் தெரியும். 14,600 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டவன் ஆயிற்றே. ஆனாலும் சொல்லவில்லை. அடுத்தவர் வண்டி, நாம் போய்க் குறை சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று ஒரு கூச்சம்.

ஒரு நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது. மதினிக்கு மூச்சுத் திணறல், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். பாதி வழியில் சமாதானபுரம் பக்கம் 'பட்' என்று ஒரு சத்தம், பேட்டரி லைட் எரிகிறது. "நிறுத்தணுமா, போகலாமா?" என்று கேட்கிறார். பின் சீட்டில் மதினி மூச்சு வாங்குவது போனில் எனக்குக் கேட்கிறது.

லைட் எரிந்தால் உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும் என்பதுதான் சரியான பதில். இன்று உங்கள் எல்லோருக்கும் அதைத்தான் சொல்கிறேன். அன்றைக்கு நான் சொன்னது வேறு. இன்னும் இரண்டு கிலோமீட்டர் கூட இருக்காது. "நிறுத்தாதீங்க, போய்ச் சேருங்க. எஞ்சின் போனா போகட்டும். ஏ.சி., மியூசிக் எல்லாத்தையும் அணைச்சிருங்க, ஹெட்லைட் மட்டும் போதும்" என்றேன். ஐந்து நிமிஷத்தில் போய்விட்டார். மதினிக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள், நாலாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். வண்டியும் தப்பித்தது. வீட்டிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ராத்திரி நேரம், எஞ்சின் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது. நான் மாட்டியது நல்ல மதிய வெயிலில், ஏற்கெனவே கொதிநிலையில் இருந்த எஞ்சினோடு. இதே ஆஸ்பத்திரி பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்திருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். இருட்டு ரோட்டில் நோயாளியோடு வண்டி நின்றுபோவதைவிட, வெளிச்சமுள்ள இடத்தில் நாமே நிறுத்தி 108-ஐக் கூப்பிடுவது மேல்.

அன்று ராத்திரி போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சத்தத்தை இரண்டு மாதம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவன் நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கிப்போய் இரண்டு நிமிஷம் பேசியிருந்தால் இந்தக் கேள்வியே அண்ணாச்சிக்கு வந்திருக்காது. அதனால், மதினி வீட்டுக்கு வந்த அன்றே, "பெல்ட்ட நானே மாத்தித் தாரேன்" என்று சொல்லிவிட்டேன். என் 800-ஐ விற்பதற்கு முன் இரண்டு தடவை நானே மாற்றியிருக்கிறேன்.

ஞாயிறு காலை ஏழு மணி. எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. வாட்ச்மேன் தம்பி டார்ச் பிடித்தார். முதல் வேலையாக சாவியை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்கினேன். இது இரண்டும் முக்கியம். சில கார்களில் ரேடியேட்டர் ஃபேன் எஞ்சின் அணைந்திருந்தாலும் திடீரென்று தானாகச் சுற்றும். பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது டார்ச் அடித்துப் பார்ப்பவர்கள் துண்டு, துப்பட்டா, சேலை முந்தானை எதுவும் தொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விரல் போனால் பெல்ட் மாதிரி புதுசு வாங்க முடியாது. ஜாக்கி போட்டுத் தூக்கினால் பின் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.

அண்ணாச்சி வண்டியில் ஏ.சி. உண்டு. ஏ.சி. பெல்ட் வெளிப்பக்கம், அறுந்த பெல்ட் உள்பக்கம். வெளிப் பெல்ட்டைக் கழற்றினால்தான் உள்ளதைப் போட முடியும். கழற்றுவது என்று ஆன பிறகு இரண்டையும் புதிதாகப் போட்டுவிடுவதுதான் லாபம். நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

ஆல்டர்னேட்டரின் மேல் பக்கம் ஒரு நீளத் துளை உள்ள பட்டை இருக்கிறது. அதில் ஒரு போல்ட். கீழே அது தொங்குகிற போல்ட்டுகள். இரண்டையும் தளர்த்தினால் ஆல்டர்னேட்டர் ஆடும். எஞ்சின் பக்கம் தள்ளினால் பெல்ட்டுக்கு இடம் கிடைக்கும், வெளியே இழுத்தால் இறுகும். அவ்வளவுதான் சூட்சுமம். கீழ் போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டுக் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அப்புறமும் ஸ்பேனர் வழுக்கி என் முட்டி ரேடியேட்டர் ஓரத்தில் இடித்தது. தழும்பு இதோ.

பெல்ட் இல்லாமல் இருக்கும் நேரம் மிக நல்ல நேரம். வாட்டர் பம்ப் புல்லியையும் ஆல்டர்னேட்டர் புல்லியையும் கையாலேயே சுற்றிப் பார்க்கலாம். சத்தமில்லாமல் வழவழவென்று சுற்ற வேண்டும். கரகரத்தாலோ முன்னும் பின்னும் ஆடினாலோ பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டுப் புது பெல்ட் போடுவதில் பிரயோஜனம் இல்லை. சிந்துபூந்துறையில் என் உறவினர் கார் 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீரில் நின்றது. 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஜங்ஷன் பக்கம் தெருக்களுக்குள் வந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அவர் எஞ்சினைச் சுத்தம் செய்துவிட்டார். மூன்று மாதம் கழித்துக் கீச்சுச் சத்தம். ஒரு பெல்ட் மாற்றினார்கள், பத்து நாளில் திரும்பச் சத்தம். இன்னொன்று மாற்றினார்கள். கடைசியில் பார்த்தால் வண்டல் புகுந்து வாட்டர் பம்ப் பேரிங் அரைபட்டிருக்கிறது. பெல்ட் மேல் தப்பே இல்லை.

அண்ணாச்சி வண்டியில் பேரிங்குகள் நன்றாக இருந்தன. ஆனால் அறுந்த பெல்ட்டின் நார்கள் கிராங்க் புல்லிக்குப் பின்னால் நூல் கண்டு மாதிரி சுற்றியிருந்தன. நீள மூக்குக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். விட்டுவிட்டால் அது உள்ளே டைமிங் பெல்ட் பக்கம் போய் வம்பு பண்ணும். டைமிங் பெல்ட் என்பது வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். அது எஞ்சினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடுகிற வேலைக்கு உள்ளது, மூடிக்குள் இருக்கும், அறுந்தால் எஞ்சின் அப்படியே நின்றுவிடும். அதைத் தொடும் வேலையை நல்ல மெக்கானிக்கிடம்தான் விட வேண்டும். நானும் தொடமாட்டேன்.

புது பெல்ட்டை மாட்டினேன். ஆல்டர்னேட்டரை வெளியே இழுத்தால் துளையின் கடைசி வரை வந்துவிட்டது, பெல்ட் இன்னும் தொளதொளவென்று இருக்கிறது. வண்ணார்பேட்டையில் ஸ்பேர்ஸ் கடையில் "800 ஃபேன் பெல்ட்" என்று மட்டும் சொல்லி வாங்கியது என் தப்பு. பழைய பெல்ட்டில் எண் அழிந்துபோயிருந்தது. மறுபடி போய் மாடல் வருஷம், ஏ.சி. உண்டா இல்லையா எல்லாம் சொல்லி, ஆர்.சி. நகலையும் காட்டி சரியான நீளத்தை வாங்கி வந்தேன். பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருப்பது ரகசியம் ஒன்றும் இல்லை. பல வரிகள் உள்ள பட்டை பெல்ட்டில் '4 பிகே 890' என்று இருந்தால் 4 வரி, 890 மில்லிமீட்டர் நீளம். ஒற்றை வி-பெல்ட்டாக இருந்தால் மேல் அகலமும் நீளமும் இருக்கும். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வண்டியின் எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அழிவதற்கு முன்னால். ஒரே நீள பெல்ட் பல புல்லிகளைச் சுற்றிப் போகிற வண்டி என்றால் அது போகிற பாதையையும் கழற்றும் முன் படம் எடுங்கள். கழற்றிய பிறகு ஞாபகத்தை நம்பினால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

பிராண்டு எது என்று கேட்டார்கள். நம் பக்கத்து மதுரைக் கோச்சடையிலேயே ஃபென்னர் கம்பெனி பெல்ட் செய்கிறது. எனக்கு அதில் ஒரு பாசம் உண்டு. கேட்ஸ் என்ற பெயரும் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் ஜான் கேட்ஸ் என்பவர்தான் 1917-ல் ரப்பரும் துணியும் சேர்த்து இந்த வி-வடிவ பெல்ட்டைக் கொண்டு வந்தார். எதை வாங்கினாலும் பில் போட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் பாதி விலைக்குத் தருவது பெரும்பாலும் போலி.

இறுக்கம்தான் இந்த வேலையின் உயிர். ஆல்டர்னேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து நெம்பிப் பிடித்துக்கொண்டு போல்ட்டை முடுக்கினேன். இரண்டு புல்லிகளுக்கு நடுவே பெருவிரலால் 10 கிலோ அளவு அழுத்தினால் 6 முதல் 9 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும் என்பது 800-க்கு உள்ள அளவு. உங்கள் வண்டிக்கு அதன் கையேட்டில் பாருங்கள். சிலர் தம்புரா கம்பி மாதிரி இறுக்கிவிடுவார்கள், சத்தம் வராதே என்று. சத்தம் வராதுதான். ஆறு மாதத்தில் ஆல்டர்னேட்டர் பேரிங்கோ வாட்டர் பம்ப்போ போகும்.

பேட்டரி ஒயரைத் திரும்ப மாட்டி, மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். 300 ரூபாய் சாமான்தான், வீட்டுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் ஓடாதபோது 12.3 வோல்ட். ஸ்டார்ட் பண்ணியதும் 14.1. பேட்டரி லைட் அணைந்தது. அண்ணாச்சி முகத்தைப் பார்க்க வேண்டுமே! முக்கால் மணி நேர வேலையை இரண்டரை மணி நேரம் செய்தோம். ஒரு வாரம் கழித்துத் திரும்ப இறுக்கம் பார்த்தேன். புது பெல்ட் கொஞ்சம் தளர்ந்து உட்காரும், இரண்டாம் தடவை முடுக்குவதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

எல்லோரும் இதை நீங்களே செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. பல புதிய வண்டிகளில் கை நுழையவே இடமில்லை. ஆனால் பார்ப்பதை நீங்களே செய்யலாம். கறுப்பு பெல்ட்டின் உள்பக்கம் குறுக்கே வெடிப்பு இருந்தால், ஓரம் நார் நாராகப் பிரிந்திருந்தால், பக்கங்கள் கண்ணாடி மாதிரி பளபளத்தால், மாற்ற வேண்டியதுதான். ஒரு எச்சரிக்கை. கடந்த இருபது வருஷத்தில் வந்த பட்டை பெல்ட்டுகள் பெரும்பாலும் வேறு வகை ரப்பர். அவை பழையது மாதிரி வெடிக்காது, டயர் மாதிரி தேயும். "வெடிப்பே இல்லை, நன்றாக இருக்கிறது" என்று மெக்கானிக் சொன்னாலும் வரிகளின் பள்ளம் அகன்று ஆழமாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சத்தம் வருவதற்கும் காரணம் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் வருவது, ஸ்டார்ட்டர் இழுத்த சார்ஜை ஆல்டர்னேட்டர் திரும்ப ஏற்றுவதால். அப்போது அதைச் சுற்றுவது கனமாக இருக்கும், தளர்ந்த பெல்ட் வழுக்கும். ஏ.சி. போட்டவுடன், ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பியவுடன், மழை நனைந்தவுடன் வருவதும் அதே வகைதான். சத்தத்துக்கு சோப்பு தேய்ப்பது, மெழுகுவர்த்தி தேய்ப்பது, எண்ணெய் அடிப்பது எல்லாம் நம் ஊரில் நடக்கிறது. என் வண்டிக்கே, அறுவதற்கு மூன்று மாதம் முன்னால், ஒருவர் என்னவோ ஸ்பிரே அடித்து "சரியாயிட்டு" என்று அனுப்பினார். சத்தம் போயிற்று. பெல்ட்டும் போயிற்று. வங்கியில் டேலி ஆகாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது மாதிரி அது. ஆடிட்டர் வரும்வரை நிம்மதி. பெல்ட் மேல் ஆயிலோ கூலண்டோ பட்டிருந்தால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று பார்த்து அதை முதலில் அடைக்க வேண்டும்.

கேள்வி நேரத்தில் சி பிளாக் மதினி ஒருவர், வழியில் எஞ்சின் கொதித்துவிட்டால் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டார். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் மூடியைத் திறந்ததும் குப்பென்று ஆவியாகி முகத்தில் அடிக்கும். கொதிக்கிற எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கும். நிழலில் நிறுத்தி ஒரு மணி நேரம் சும்மா இருங்கள். வேறு வழியே இல்லை.

நம் ஜெனரேட்டரில் பெல்ட் உண்டா என்று இளைஞர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. கூட்டம் முடிந்ததும் நானும் செக்ரெட்டரியும் போய்ப் பார்த்தோம். உண்டு. ஓரம் பிய்ந்திருக்கிறது. பராமரிப்பு கம்பெனிக்கு எழுதியாயிற்று.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு நானும் வாட்ச்மேன் தம்பியும் டார்ச்சோடு ஏ பிளாக் பார்க்கிங்கில் இருப்போம். பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் பானெட்டைத் திறந்து காட்டினால் போதும், வண்டிக்கு இரண்டு நிமிஷம். அதற்கு முன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கோயிலுக்கோ வாக்கிங்குக்கோ போய்விட்டு வராதீர்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்.